கார்த்திகைப் புயலும் நமது ஜகாத் கணக்கும்



ஐப்பசி பிறந்துவிட்டால் மரக்காணம் முதல் கோட்டக்குப்பம் வரையுள்ள கடற்கரைக் குடும்பங்களுக்கு உறக்கம் குறைந்துவிடும். நமது விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரை மிகச் சிறியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். எக்கியார்குப்பம், அனுமந்தைக்குப்பம், பொம்மையார்பாளையம், சின்னமுதலியார்சாவடி, தந்திராயன்குப்பம் போன்ற மீனவக் குப்பங்களும், நம் சமுதாயத்தினர் பெருமளவில் வாழும் கூனிமேடு, கோட்டக்குப்பம் ஆகிய ஊர்களும், மரக்காணத்து உப்பளங்களும் இந்தச் சிறிய நீளத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

இந்தக் கரையைப் புயல்கள் திரும்பத் திரும்பத் தாக்கி வருகின்றன. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் அருகே கரை ஏறியது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே வந்தது. தானேவுக்கும் நிவருக்கும் நடுவே ஒன்பது ஆண்டுகள் இடைவெளி இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு புயல் என்றாகிவிட்டது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி இந்தக் கணக்கில் சேராத தனிப் பெரும் சோதனை.

இந்தக் கட்டுரையில் நாம் விளக்க விரும்புவது ஒரே ஒரு விஷயம். புயல் அடித்து மூன்று மாதம் கழித்து வரும் பெரிய உதவியைவிட, புயல் அடித்த வாரத்திலேயே கைக்கு வரும் சிறிய உதவி ஒரு குடும்பத்தை வட்டியில் விழாமல் காக்கும். நமது ஜகாத்தையும் ஸதகாவையும் அதற்கு ஏற்றபடி எப்படி முன்கூட்டியே அமைத்துக்கொள்ளலாம் என்பதைப் பார்ப்போம்.

நம் கரைக்கு ஏன் இத்தனை புயல்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது வங்கக் கடலின் தென்மேற்குப் பகுதியில் காற்றழுத்தத் தாழ்வுகள் உருவாகின்றன. வெதுவெதுப்பான கடல் நீரிலிருந்து எழும் ஈரப்பதம்தான் அவற்றுக்கு உணவு. அவை பெரும்பாலும் மேற்கு, வடமேற்குத் திசையில் நகர்வதால் நாகப்பட்டினத்துக்கும் நெல்லூருக்கும் இடையில் ஏதோ ஓர் இடத்தில் கரை தொடுகின்றன. நாம் அந்தப் பாதையின் நடுவில் இருக்கிறோம்.

காற்றின் வேகத்தை வைத்துத்தான் இவற்றுக்குப் பெயர் வகுக்கிறார்கள். மணிக்கு 62 கிலோமீட்டரைத் தாண்டினால் புயல். 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல். 118-ஐத் தொட்டால் அதிதீவிரப் புயல். ஒவ்வொரு புயலுக்கும் பெயர் கொடுப்பது இந்தக் கடல் பகுதியைச் சேர்ந்த 13 நாடுகள். நிவர் என்ற பெயர் ஈரான் கொடுத்தது. மாண்டஸ் ஐக்கிய அரபு அமீரகம் கொடுத்தது. ஃபெஞ்சல் சவூதி அரேபியா கொடுத்தது.

ஆனால் காற்றின் வேகம் மட்டுமே சேதத்தைத் தீர்மானிப்பதில்லை. இதை நமக்கு நன்றாகப் புரியவைத்தது ஃபெஞ்சல். வகைப்படி அது வெறும் 'புயல்'தான். தானே, நிவர் அளவுக்குக் காற்று இல்லை. ஆனால் கரையைத் தொட்ட பிறகு நகராமல் பல மணி நேரம் ஒரே இடத்தில் நின்றது. நின்ற இடத்தில் கொட்டியது. ஒரே நாளில் மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. புதுச்சேரியிலும் 48 சென்டிமீட்டரைத் தாண்டியது. திண்டிவனமும் வெள்ளக்காடானது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணை கரை புரண்டு அரசூர், திருவெண்ணெய்நல்லூர் பகுதிகள் மூழ்கின. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையே நின்றது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தை வெள்ளம் தொட்டதால் ரயில்களும் நிறுத்தப்பட்டன. கடலைப் பார்க்காத ஊர்களும் கடற்புயலுக்கு இலக்காகும் என்பதை அன்று கண்டோம்.

கடலோரத்தில் இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. வானூர், மரக்காணம் வட்டாரத்து ஏரிகளின் உபரி நீர் கழுவேலிக்கு வந்து, எடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடலில் சேர வேண்டும். புயல் நேரத்தில் கடல் மட்டம் உயர்ந்து நிற்பதால் உள்ளிருந்து வரும் தண்ணீரைக் கடல் ஏற்பதில்லை. நீர் பின்னோக்கித் தேங்குகிறது. உப்பளங்களும் தாழ்வான குடியிருப்புகளும் பல நாட்கள் நீரில் கிடப்பது இதனால்தான்.

இரண்டாவது காரணம் மணல். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1980-களில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டப்பட்ட அலைத் தடுப்புச் சுவர் அந்த மணலைத் தெற்கிலேயே நிறுத்திவிட்டது. வடக்கே இருந்த கடற்கரை கரைந்தது. கரைந்த இடத்தில் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. இப்படியே அது புதுச்சேரி எல்லையைத் தாண்டி நமது தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை வந்துவிட்டது. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே மணல் மேடு இருந்த காலத்தில் அலையின் வேகத்தை மணல் வாங்கிக்கொண்டது. இன்று சுவர் வாங்குகிறது. மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தபோதும் பொம்மையார்பாளையம் பக்கம் வீடுகள் இடிந்து விழுந்தது இதனால்தான்.

உயிர் தப்புகிறது, அதற்குப் பிறகு?

அல்ஹம்துலில்லாஹ், இன்று புயல் முன்னறிவிப்பு நன்றாக இருக்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஒரே இரவில் அழிந்தது போன்ற நிலை இன்று இல்லை. நிவர் வந்தபோது தமிழகத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர்.

பங்களாதேஷைப் பாருங்கள். 1970 நவம்பரில் அங்கே வந்த போலா புயலில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1972-ல் செம்பிறைச் சங்கத்தின் மூலம் தன்னார்வலர்களைப் பயிற்றுவிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. கொடி, மெகாபோன், பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஆகியவற்றின் மூலம் வீடு வீடாக எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. உயரமான புயல் காப்பிடங்கள் கட்டப்பட்டன. 2007-ல் சிதர் புயலில் இறந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். 2020-ல் அம்பன் புயலில் அந்த எண்ணிக்கை நூறைக்கூட எட்டவில்லை. முன்னேற்பாடு என்பது எவ்வளவு பெரிய இபாதத் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆனால் உயிர் தப்பிய குடும்பத்துக்கு மறுநாள் காலையில் வேறொரு கவலை தொடங்குகிறது. எச்சரிக்கை வந்த நாளிலிருந்தே கடலுக்குப் போகத் தடை. புயல் கரை தொடுவதற்கு முன்பே பல நாள் வருமானம் போய்விடுகிறது. புயலுக்குப் பிறகு வலை, எஞ்சின் பழுது. உப்பளத்தில் மழைக்காலம் முழுவதும் வேலை இல்லை. பாத்திகளைச் சீராக்கிய பிறகுதான் தைக்கு மேல் வேலை தொடங்கும். நம் மக்களில் மீன் வாங்கி விற்பவர், தள்ளுவண்டிக்காரர், ஊர் ஊராகத் துணி மூட்டை சுமந்து விற்பவர், வீட்டில் தையல் இயந்திரம் வைத்திருக்கும் சகோதரிகள் எல்லோருக்கும் அந்த இரண்டு மாதம் கை முடங்கிப்போகும்.

அப்போது வீட்டில் இருக்கும் ஒரே சேமிப்பு நகை. அது அடகுக் கடைக்குப் போகிறது. ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். கூரை போடவும் வலை வாங்கவும் நகையை வைத்து 30,000 ரூபாய் வாங்குகிறார்கள் என்று கொள்ளுங்கள். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 600 ரூபாய். மூன்று மாதத்துக்கு 1,800 ரூபாய். ஃபெஞ்சலுக்குப் பிறகு நமது மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைக்கு அரசு கொடுத்த தொகை 2,000 ரூபாய். அந்தத் தொகை ஏறத்தாழ முழுவதும் மூன்று மாத வட்டிக்கே சரியாகிவிடுகிறது. அசல் அப்படியே நிற்கிறது. ஓர் ஆண்டில் வட்டி மட்டும் 7,200. இரண்டு ஆண்டு முடிவதற்குள் அடுத்த புயல் வருகிறது. அப்போது வைப்பதற்கு நகை இருக்காது.

புயல் ஒவ்வொன்றும் தனித்தனிச் சம்பவம் போலச் செய்தியில் வருகிறது. அந்தக் குடும்பத்துக்கோ அவை ஒரே கடனின் அடுத்தடுத்த தவணைகள்.

நமது கொடையின் காலம்

நம்மில் பெரும்பாலோர் ஜகாத்தை ரமலானில் கணக்கிட்டுக் கொடுக்கிறோம். அந்த மாதத்தின் நன்மையை நாடிச் செய்கிறோம். அது நல்ல வழக்கமே. ஆனால் காலத்தைக் கவனியுங்கள். ஃபெஞ்சல் வந்தது 2024 நவம்பர் 30. அடுத்த ரமலான் பிறந்தது 2025 மார்ச் தொடக்கத்தில். நடுவே சரியாக மூன்று மாதம். மேலே சொன்ன 1,800 ரூபாய் வட்டி அந்த மூன்று மாதத்தில்தான் போகிறது. ரமலான் ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னே நகர்ந்து வருகிறது. 2030-ல் ஜனவரியில் ஒன்றும் டிசம்பரில் ஒன்றுமாக இரண்டு ரமலான் வரும். அதுவரை புயல் மாதம் ஒன்றாகவும் கொடை மாதம் வேறாகவுமே இருக்கும்.

இதற்கு மார்க்கத்தில் வழி இருக்கிறது. அதுவே ஜகாத்தை முன்கூட்டிக் கொடுப்பது. நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்கள், ஆண்டு நிறைவடையும் முன்பே ஜகாத்தைக் கொடுக்க அனுமதி கேட்டபோது நபியவர்கள் அனுமதித்த செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. ஹனஃபி, ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளில் இது கூடும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் கருத்து வேறு.

இதில் கவனிக்க வேண்டியவை:

ஒன்று, கொடுப்பவரிடம் கொடுக்கும் நாளிலேயே நிஸாப் அளவு பொருள் இருக்க வேண்டும்.

இரண்டு, கொடுக்கும்போதே 'இது வரப்போகும் ஜகாத்' என்ற நிய்யத் வேண்டும். எவ்வளவு கொடுத்தோம் என்பதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று, ரமலானில் முழுக் கணக்குப் பார்த்து, கூடுதலாக வர வேண்டியதை அப்போது கொடுத்துவிட வேண்டும்.

நான்கு, கடமையாகிவிட்ட ஜகாத்தைப் 'புயல் வரும்போது கொடுத்துக்கொள்ளலாம்' என்று பிற்படுத்தி வைப்பது இதில் சேராது. முற்படுத்துவது வேறு, பிற்படுத்துவது வேறு. கடமையானதை உடனே கொடுத்துவிட வேண்டும்.

சூரா தவ்பாவின் 60-வது வசனம் ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரைக் குறிப்பிடுகிறது. ஏழைகள், வறியவர்களோடு கடனாளிகளும் அதில் இருக்கிறார்கள். ஆகுமான தேவைக்காகக் கடன் வாங்கி, அடைக்க வழியில்லாமல் நிற்பவர் அந்த வகையில் வருவார். கூரை போட நகையை வைத்துவிட்டு மீட்க முடியாமல் இருக்கும் சகோதரியின் நிலையை நமது ஆலிம்களிடம் எடுத்துச் சொல்லி, அவர் தகுதியுள்ளவரா என்று கேட்டு முடிவு செய்யலாம்.

அழகிய கடனும் உண்டு

எல்லோரும் ஜகாத் வாங்கும் நிலையில் இருப்பதில்லை. வாங்க மனமில்லாதவர்களும் உண்டு. 'தாருங்கள், திருப்பித் தந்துவிடுகிறேன்' என்று கேட்பவருக்கு வட்டியில்லாத அழகிய கடனே பொருத்தம். சூரா பகராவின் 280-வது வசனம், கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும் வரை தவணை கொடுக்கச் சொல்கிறது. தள்ளுபடி செய்துவிட்டால் அது இன்னும் நல்லது என்றும் சொல்கிறது.

ஒவ்வொரு மஹல்லாவிலும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, ஐப்பசிக்குள் ஒரு தொகையைப் பைத்துல்மாலில் அழகிய கடனுக்கென்று தனியாக ஒதுக்கினால் போதும். புயல் வராவிட்டால் அந்தப் பணம் தை மாதம் உரியவர்களிடம் திரும்பப் போகும். வந்துவிட்டால் நகை அடகுக் கடைக்குப் போகாது. கொடுக்கல் வாங்கலை எழுதி, இரண்டு சாட்சி வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

அண்டை வீட்டாரின் உரிமை

குப்பங்களில் வாழும் மீனவச் சகோதரர்களும், உப்பளத்தில் கூலி வேலை செய்யும் தாய்மார்களும் பெரும்பாலும் மாற்று மதத்தவர்கள். அவர்கள் நம் அண்டை வீட்டார். ஜகாத்தை முஸ்லிம்களில் தகுதியுள்ளவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. ஆனால் உபரியான தர்மமாகிய ஸதகாவுக்கு அந்த வரம்பு இல்லை. எனவே புயல் நிதியில் ஜகாத், ஸதகா இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு இருப்பது அவசியம். சமைத்த உணவு, பாய், போர்வை, தார்ப்பாய், மருந்து போன்றவை ஸதகாவிலிருந்து மதம் பார்க்காமல் போய்ச் சேர வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது பள்ளிவாசல்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டதை நாடே பார்த்தது. நம் ஊர்ப் பள்ளிவாசல், மதரஸா, திருமண மண்டபம் ஆகியவற்றின் சாவி புயல் இரவில் யாரிடம் இருக்கும் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்வோம்.

அரசு உதவி கிடைக்க

ஃபெஞ்சலுக்குப் பிறகு அரசு அறிவித்தவற்றில் சில: சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய், 33 சதவீதத்துக்கு மேல் சேதமான பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, இறந்த மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. இவை தாமாக வந்து சேர்வதில்லை. கிராம நிர்வாக அலுவலரின் கணக்கெடுப்பில் பெயர் இருக்க வேண்டும். குடும்ப அட்டை வேறு ஊரில் இருப்பவர்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள், வங்கிப் புத்தகம் வெள்ளத்தில் போனவர்கள் விடுபட்டுப் போக வாய்ப்பு அதிகம். ஆகவே:

- குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், பட்டா, மீனவர் அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றை நகலெடுத்து, அசலைத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் ஓர் உறவினருக்கும் அனுப்பி வையுங்கள்.
- வீட்டையும் படகையும் புயலுக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் எடுங்கள்.
- உப்பளத் தொழிலாளர்கள் நலவாரியத்தில் பதிவு செய்திருந்தால் மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் பெறும் அரசுத் திட்டம் இருக்கிறது. பதிவு செய்யாதவர்களுக்கு நம் பிள்ளைகள் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் செய்யக்கூடிய பெரிய ஸதகா இது.
- அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070.

புயல் இரவில் தொழுகை

'பாங்கு சொல்லிவிட்டார்களே' என்று முழங்கால் தண்ணீரில், அறுந்து கிடக்கும் மின்கம்பிகளுக்கு நடுவே நடந்து வரும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. கடும் மழையும் காற்றும் உள்ள இரவுகளில், இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்க நபி (ஸல்) அவர்கள் முஅத்தினுக்குக் கட்டளையிட்டதை ஸஹீஹ் புகாரி பதிவு செய்கிறது. அது மார்க்கம் தந்த சலுகை. அதை ஏற்பது பலவீனம் அல்ல. அதே ஒலிபெருக்கியில் வானிலை எச்சரிக்கையையும், எந்த இடத்தில் முகாம் திறந்திருக்கிறது என்பதையும் இமாம்கள் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நாங்கள் வேண்டுவது

ஐப்பசி முடிவதற்குள் ஒவ்வொரு மஹல்லாவிலும் முத்தவல்லியும் இமாமும் சேர்ந்து ஒரு பட்டியல் தயாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். கூரை வீட்டில் இருப்பவர், தனியாக வாழும் முதியவர், விதவைச் சகோதரி, கர்ப்பிணி, படுத்த படுக்கையாய் இருப்பவர், நகையை அடகில் வைத்திருப்பவர் ஆகியோர் அதில் இருக்க வேண்டும். பட்டியல் பொறுப்பாளர்களைத் தவிர வேறு யார் கைக்கும் போகக் கூடாது. யாருடைய வறுமையும் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. உதவி பெறுபவரைப் படம் எடுப்பதும் வேண்டாம்.

வசதியுள்ள சகோதர சகோதரிகள், வரும் ரமலானில் கொடுக்கவிருக்கும் ஜகாத்தில் ஒரு பகுதியையாவது, உங்கள் மத்ஹபின்படி ஆலிம்களிடம் கேட்டுக்கொண்டு, கார்த்திகையிலேயே முன்கூட்டிக் கொடுக்க நாடுங்கள். எங்கள் அறக்கட்டளையிடம் கொடுத்தாலும் சரி, உங்கள் மஹல்லா பைத்துல்மாலில் கொடுத்தாலும் சரி, உங்கள் தெருவில் இருக்கும் தகுதியுள்ள குடும்பத்துக்கு நேரடியாகக் கொடுத்தாலும் சரி. அடகுக் கடைக்குப் போகும் கால் வாசல் தாண்டுவதற்கு முன் அது போய்ச் சேர வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

அல்லாஹ் நம் ஊர்களையும், நம் அண்டை ஊர்களையும், கடலில் இருப்பவர்களையும் பாதுகாப்பானாக. மழையைப் பயனுள்ள மழையாக ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.